கொடையாளர் வந்தார், வாத்தியார் வரவில்லை

கூட்டேரிப்பட்டு கூட்டுரோட்டில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அரசுப் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், பெரும்பாலும் வருகிற பதில் ஒன்றுதான். "யாராவது பெரிய ஆளாப் பார்த்துத் தத்தெடுக்கச் சொல்லணும் சார்." சென்னையில் வேலை பார்க்கிற பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் இதே பேச்சு. ஆண்டுவிழா மேடையிலும் இதே பேச்சு. அரசாங்கத்தால் எல்லாவற்றையும் செய்ய முடியாது. படித்து மேலே வந்தவர்களும் கம்பெனிகளும் வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர்களும் மனசு வைத்தால் கிராமப் பள்ளி தலைநிமிர்ந்துவிடும். இதில் கட்சி பேதம் இல்லை, சாதி பேதம்கூட அதிகம் இல்லை. எதிர்த்துப் பேசுகிறவன் கல்நெஞ்சக்காரனாகத் தெரிவான். தெரிந்துவிட்டுப் போகட்டும்.

கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை. கொடுத்தால்தான் பள்ளி நிற்கும் என்ற நம்பிக்கையைத்தான் மறுக்க வேண்டியிருக்கிறது. அது பார்க்க நல்லதாக இருக்கிறது, செய்வது கெடுதல்.

முதலில் கொடையாளர் என்ன கொடுக்கிறார் என்று பார்ப்போம். திண்டிவனம், மயிலம், விக்கிரவாண்டிப் பக்கத்து ஒன்றியப் பள்ளி எதிலாவது நுழைந்து பாருங்கள். தலைமையாசிரியர் அறையில் ஒரு இரும்பு பீரோ நிற்கும். அதன் நெற்றியில் சிவப்பு பெயின்டில் 'அன்பளிப்பு' என்று எழுதி, கீழே பெயர், அதற்கும் கீழே தொழில். சுவர்க்கடிகாரத்தில் முள் ஓடும் இடத்தைவிடப் பெயர் எழுதிய இடம் பெரிது. ஸ்மார்ட் டிவிக்குத் துணி உறை தைத்துப் போட்டிருப்பார்கள், தூசி படாமல் இருக்க. விழா நடந்த நாளின் ஃப்ளெக்ஸ் பேனர் இப்போது சைக்கிள் கொட்டகைக்குக் கூரையாகியிருக்கும். அந்தப் பேனருக்காவது ஒரு பயன் கிடைத்ததே என்று நினைத்துக்கொள்ளலாம்.

கொடையாளர் கொடுக்காதது என்னவென்றும் பாருங்கள். கழிப்பறை கழுவ வருகிற அம்மாவின் மாதச் சம்பளத்தை யாரும் கொடுப்பதில்லை. காயில் எரிந்துபோன மோட்டாரை ரீவைண்டிங் செய்யப் பணம் கொடுத்துவிட்டு யாரும் பொன்னாடை போர்த்திக்கொண்டதில்லை. பினாயில், ஆசிட், துடைப்பம், கரண்ட் பில், அறுந்துபோன வாளிக் கயிறு எதற்கும் உபயதாரர் கிடையாது. இவற்றைப் படமெடுத்துப் போட முடியாது. பள்ளிக்கு எது தேவை என்ற கேள்வியைக் கொடையாளர் கேட்பதில்லை. தன்னால் எதைக் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்பதைத்தான் கேட்கிறார்.

எல்லாவற்றுக்கும் மேலே, யாராலும் வாத்தியாரைக் கொடுக்க முடியாது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிற கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி, 60 பிள்ளைகள் வரைக்கும் உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர். இரண்டு ஆசிரியர் என்றால் ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். ஒருவர் பயிற்சிக்கோ மருத்துவ விடுப்பிலோ தேர்தல் வேலைக்கோ போய்விட்டால் மிச்சம் ஒருவர். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 'அ' எழுதிக்கொண்டிருக்கும்; ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பின்னத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும்; நடுவில் அவர் ஆன்லைன் வருகைப் பதிவையும் முடிக்க வேண்டும், பால்குடி மறக்காத தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்திருக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையையும் சமாளிக்க வேண்டும். அந்த வகுப்பறையில் 55 அங்குல டிவி எந்தப் பிரச்சினையைத் தீர்க்கிறது?

இதை ஆப்பிரிக்காவில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். கென்யாவின் மேற்குப் பகுதியில் ஒரு தொண்டு நிறுவனம் கிராமப் பள்ளிகளுக்குப் பாடநூல்களை இலவசமாகக் கொடுத்தது. பாடநூலே இல்லாத பிள்ளைக்குப் பாடநூல் கொடுத்தால் மதிப்பெண் கூடும் என்று யார்தான் நினைக்கமாட்டார்கள்? பிற்பாடு பொருளாதார நோபல் பெற்ற மைக்கேல் கிரேமரும் அவருடைய கூட்டாளிகளும் அதை ஆராய்ந்தார்கள். ஏற்கெனவே முன்வரிசையில் இருந்த பிள்ளைகள்தான் முன்னேறினார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் மாறவில்லை. காரணம் எளிது. பாடநூல் ஆங்கிலத்தில் இருந்தது. அங்கே பல பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. புத்தகம் கொடுத்தவர்களின் நல்லெண்ணத்தில் குறை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அதை வாசித்துக் காட்ட ஆள் இல்லை. தென்னாப்பிரிக்காவில் பிள்ளைகள் ராட்டினம் சுற்றினால் நிலத்தடி நீர் ஏறுகிற மாதிரி ஒரு பம்ப்பைக் கண்டுபிடித்துப் பள்ளிகளில் வைத்தார்கள். 2006இல் அமெரிக்காவில் கோடிக் கணக்கில் அதற்கு நிதி அறிவித்தார்கள். பிள்ளைகள் விளையாடி ஓய்ந்த பிறகு பெண்கள் கையால் அதைத் தள்ளிச் சுற்றினார்கள். பழுதான இடங்களில் சரிசெய்ய ஆள் வரவில்லை. சில வருடங்களில் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள்.

"அது ஆப்பிரிக்கா, இது தமிழ்நாடு" என்பார்கள். திண்டிவனத்துக்காரர்கள் அதைச் சொல்லக் கூடாது. இன்று ஆப்பிரிக்கக் கிராமப் பள்ளியின் படத்தைப் பார்த்து நாம் உச்சுக் கொட்டுகிறோம். ஒரு காலத்தில் அமெரிக்கத் தேவாலயங்களில் திண்டிவனத்தைப் பற்றிக் கேட்டு அப்படித்தான் உச்சுக் கொட்டினார்கள். 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய அமெரிக்கன் ஆற்காடு மிஷனின் நிலையங்களில் ஒன்று திண்டிவனம். மருத்துவ மிஷனரியான தகப்பனாருடன் இங்கே தங்கியிருந்த ஐடா ஸ்கடர், ஒரே இரவில் மூன்று பெண்கள் பெண் மருத்துவர் இல்லாமல் பிரசவத்தில் செத்துப்போனதைப் பார்த்துத்தான் தானே மருத்துவம் படிக்கப் போனார். வேலூர் சி.எம்.சி. அங்கிருந்து பிறந்த கதை எல்லோருக்கும் தெரியும். திண்டிவனத்தில் இன்றும் வால்டர் ஸ்கடர் பெயரில் பள்ளி இருக்கிறது.

கொடைக்கு வக்காலத்து வாங்குகிறவர்களின் பலமான சாட்சி இதுதான், இதை லேசில் தள்ள முடியாது. சேரிப் பிள்ளையை யாரும் திண்ணையில்கூட ஏற்றாத காலத்தில் மிஷன் பள்ளி உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தது. அந்தக் கதவைத் திறந்தது கடல் கடந்து வந்த உண்டியல் காசுதான். அதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் அந்தப் பள்ளிகள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் எதனால் நின்றன? 1854இல் வந்த உட்ஸ் அறிக்கையை ஒட்டி அரசு மானிய முறை வந்தது. தனியார் பள்ளி நடத்தினாலும் அரசு விதிப்படி நடத்தினால் செலவில் பங்கு கொடுப்போம் என்றது சர்க்கார். இன்று நிதியுதவி பெறும் பள்ளி என்று நாம் சொல்கிற ஒவ்வொன்றிலும் அனுமதிக்கப்பட்ட ஆசிரியரின் சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து போகிறது. பெயர்ப் பலகையில் மிஷன், சம்பளப் பட்டியலில் சர்க்கார். இந்தப் பாதியை மறைத்துவிட்டு, "பாருங்கள், தர்மத்தால் நடந்த பள்ளி" என்று காட்டுவது கணக்கைத் திரித்துச் சொல்வதாகும்.

இன்னொரு சாட்சியையும் கொண்டுவருவார்கள், அதைவிடப் பெரிய சாட்சி: காமராஜர். அவரே மக்களிடம் கையேந்தவில்லையா? ஏந்தினார். கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். முதலாவது 1958இல் கடம்பத்தூரில் நடந்தது. ஊர்க்காரர்கள் பெஞ்சு கொண்டுவந்தார்கள், கரும்பலகை கொண்டுவந்தார்கள், நிலம் எழுதிக் கொடுத்தார்கள், கூரைக்கு ஓடு கொடுத்தார்கள். மதிய உணவும் 1956இல் ஊர் நன்கொடையில்தான் தொடங்கியது.

மறந்துபோவது இதுதான். காமராஜர் கேட்டது பள்ளிக்குப் பக்கத்தில் இருந்தவர்களிடம். தன் பிள்ளை உட்காருகிற பெஞ்சை அந்தத் தகப்பனே செய்து கொடுத்தான். பள்ளி இல்லாத சிற்றூர்களில் ஓராசிரியர் பள்ளியாவது திறந்து, வாத்தியாருக்குச் சம்பளத்தை அரசு போட்டுக்கொண்டிருந்த காலம் அது. சாப்பாட்டுக்கும் 1957 கடைசியிலிருந்து அரசு மானியம் வந்துவிட்டது. ஒரு பிள்ளையின் ஒரு வேளைக்குப் பத்து பைசா என்றால் ஆறு பைசா அரசு, நான்கு பைசா ஊர். அந்த நான்கு பைசாவும் எல்லா ஊரிலும் ஒழுங்காக வந்ததா? நல்ல விளைச்சல் வந்த ஊரில் வந்தது. பஞ்சம் பட்ட ஊரில் அடுப்பு எரியாத நாள் உண்டு. எந்த ஊருக்குச் சாப்பாடு அதிகம் தேவையோ அந்த ஊருக்குத்தான் கொடுக்க வழியில்லை. அதனால்தான் திட்டம் படிப்படியாக அரசின் பொறுப்புக்குள் போனது. 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு ஊர் உண்டியலை நம்பி நிற்கவில்லை. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் காலை உணவு தொடங்கியபோதும், மறு ஆண்டு ஆகஸ்டில் அது மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனபோதும், யாரும் கொடையாளரைத் தேடவில்லை. பிள்ளைக்குச் சோறு போட நல்ல உள்ளம் கிடைக்குமா என்று இன்று தமிழ்நாட்டில் எந்தத் தலைமையாசிரியரும் கவலைப்படுவதில்லை. காமராஜர் தொடங்கிய வழி போய்ச் சேர்ந்த இடம் இது. அவர் பெயரைச் சொல்லி நம்மைத் திரும்ப நான்கு பைசாவுக்கு அழைத்துப் போவது அவருக்குச் செய்கிற மரியாதையாக இருக்க முடியாது.

கொடையை நம்பினால் யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது? கூட்டேரிப்பட்டு இதைப் படம் போட்டுக் காட்டும். சென்னை–திருச்சி நெடுஞ்சாலை ஊரைக் கிழித்துக்கொண்டு போகிறது. வடக்கே திண்டிவனம், தெற்கே விக்கிரவாண்டி, கிழக்கே மயிலம் வழியாகப் புதுச்சேரி. சாலையிலிருந்து தெரிகிற பள்ளிக்கு ஒரு மதிப்பு உண்டு. காரை நிறுத்தி இறங்கலாம், பேனர் கட்டினால் பத்து பேர் பார்ப்பார்கள். அங்கிருந்து உள்ளே போய், வேர்க்கடலைக் கொல்லைகளைத் தாண்டி, டவுன் பஸ் வந்தாலும் வரும் வராவிட்டாலும் போகும் என்கிற ஊரில் இருக்கும் பள்ளியை எந்தக் கொடையாளரும் தற்செயலாகப் பார்க்கப் போவதில்லை. அங்கே படித்துவிட்டுப் போனவர்கள் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு வாட்ஸ்அப் குழு இருந்தாலும் அதில் லட்ச ரூபாய் திரளாது.

கம்பெனிப் பணமும் இப்படித்தான். 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்கச் சொல்கிறது. தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்லியும் அதே சட்டம் எழுதிவைத்திருக்கிறது. தொழிற்சாலைகள் வரிசைகட்டி நிற்பது ஒரகடத்திலும் திருப்பெரும்புதூரிலும். அங்கே பள்ளிகளுக்கு ஆய்வகம் வரும். கரும்பும் உளுந்தும் கல்குவாரியும் உள்ள இந்தப் பக்கத்துக்கு வருவது மிச்சம் மீதிதான். யாழ்ப்பாணத்திலும் பாருங்கள்: பேர்பெற்ற கல்லூரிகளுக்கு லண்டனிலும் டொராண்டோவிலும் பழைய மாணவர் சங்கங்கள் இருக்கின்றன, மைதானம் வருகிறது, மண்டபம் வருகிறது. வன்னியின் உள்ளூர்ப் பள்ளிக்கு யார் இருக்கிறார்கள்? கென்யாவில் சுதந்திரத்துக்குப் பிறகு ஜோமோ கென்யாட்டாவின் 'ஹராம்பே' முழக்கத்தில் ஊர் ஊராகத் தாமே உயர்நிலைப் பள்ளி கட்டினார்கள். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். காப்பியும் தேயிலையும் விளைந்த மலைப்பகுதிகளில் நல்ல பள்ளிகள் வந்தன. வறண்ட பகுதிகள் பின்தங்கின. கடைசியில் அந்த நாட்டில் ஏழைப் பிள்ளைகளைக் கூட்டமாகப் பள்ளிக்குள் கொண்டுவந்தது, 2003இல் அரசு தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை ஒழித்த உத்தரவுதான். மலாவி 1994இலும் உகாண்டா 1997இலும் இதைச் செய்திருந்தன. இருக்கிறவனுக்கு மேலும் சேர்ப்பது கொடையின் சுபாவம். அதைக் கொடுக்கிறவரின் குற்றமாகச் சொல்லவில்லை. அந்த வழியின் கணக்கு அப்படி.

"அரசாங்கத்திடம் பணம் இல்லையே" என்பது அடுத்த வாதம். தமிழக அரசு 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர் பள்ளி' திட்டத்தைத் தொடங்கிக் கொடையாளர்களை அழைத்தது. அதற்கு அடுத்து நடந்ததை இதனோடு வைத்துப் பாருங்கள். 2024–25ஆம் ஆண்டுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய ஒன்றிய அரசின் பங்கு ஏறத்தாழ 2,152 கோடி ரூபாய். ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக அது நிறுத்தப்பட்டது. மாநிலம் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரே ஆண்டில் டெல்லியில் ஒரு கோப்பு நகராததால் நின்றுபோன தொகை அது. அதை ஈடுகட்ட எத்தனை பீரோ, எத்தனை டிவி, எத்தனை பழைய மாணவர் சந்திப்பு வேண்டும்? பள்ளிக்கான பணம் வரியில் இருக்கிறது. அது வருமா வராதா என்பது அரசியல் சண்டை. அந்தச் சண்டையில் நிற்க வேண்டிய நேரத்தில் நாம் பெயின்ட் டப்பா வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

2025 தொடக்கத்தில், 500 அரசுப் பள்ளிகளைத் தனியார் பள்ளிகள் தத்தெடுக்கப் போவதாகச் செய்தி வந்தபோது ஊரே கொதித்தது, நினைவிருக்கும். தத்துக் கொடுக்கவில்லை என்று அமைச்சரே விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. மக்களுக்கு உள்ளூர எது சரி என்று தெரிந்திருக்கிறது. தனியார் பள்ளி தத்தெடுத்தால் கோபம் வருகிறது. ரியல் எஸ்டேட்காரர் தத்தெடுத்தால் மாலை போடுகிறோம். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குப் புரியவில்லை.

இனி ஆரோவில். நம் மாவட்டத்து வானூர் வட்டத்தில் 1968இல் வந்த ஊர். வெளிநாட்டுக்காரர்கள் சுற்றுக் கிராமப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தவில்லையா? நடத்துகிறார்கள். இடையஞ்சாவடியில் உதவி பள்ளி, ஆலங்குப்பம் பக்கம் இசை அம்பலம் பள்ளி, நல்ல பள்ளிகள். அங்கே வேலை நடந்ததற்குக் காரணம் வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை என்பது. வந்து தங்கினார்கள், தமிழ் பேசினார்கள், பக்கத்து ஊர்களிலிருந்தே ஆசிரியர்களைப் பழக்கி எடுத்தார்கள். அங்கும் ஒன்றிய அரசின் கல்வி மானியம் போகிறது. இது கொடைக்குச் சாட்சியாக வந்தாலும், தங்கி வேலை செய்கிற மனிதருக்குத்தான் கடைசியில் சாட்சி சொல்கிறது.

அந்த மனிதர் ஐரோப்பாவிலிருந்து வர வேண்டியதில்லை என்பதையும் இதே மாவட்டம் காட்டியது. கொரோனாவில் ஒன்றரை வருடத்துக்கு மேல் பள்ளி மூடிக் கிடந்த பிறகு 'இல்லம் தேடிக் கல்வி' 2021 அக்டோபர் 27இல் மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில்தான் தொடங்கியது. தெருவிலேயே இருக்கிற படித்த பெண், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை, சாயங்காலம் ஒரு திண்ணை. ஆயிரம் ரூபாய் குறைவு, அதைச் சொல்லாமல் விட முடியாது. அந்தப் பெண்களின் உழைப்பை அரசு மலிவாக வாங்கியது. ஆனாலும் எழுத்துக்கூட்ட மறந்துபோன பிள்ளையைத் திரும்ப வாசிக்க வைத்தது பக்கத்து வீட்டு அக்காதான்.

கொடை செய்கிற பெரிய கெடுதலை இன்னும் சொல்லவில்லை. அது ஊரின் வாயை அடைத்துவிடும். ஒரு விழாவை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து மணி என்று சொன்ன விருந்தினர் பன்னிரண்டுக்கு வருகிறார். அதுவரை பிள்ளைகள் வெயிலில் வரிசையில். ஒவ்வொரு பிள்ளையும் மேடையேறிப் பையை வாங்கி, கேமராவைப் பார்த்து ஒரு நொடி நின்று, இறங்குகிறது. பின்னால் நிற்கிற அம்மாக்கள் கைதட்டுகிறார்கள். சட்டப்படி அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், குழுவில் பாதிப் பேர் பெண்கள். அதாவது கைதட்டிக்கொண்டு நிற்கிற அந்த அம்மாதான் பள்ளியை நடத்துகிறவர்களில் ஒருவர். கணக்கு வாத்தியார் இடம் ஏன் காலி என்று கேட்க வேண்டியவர். நாற்காலி அவருக்குப் போட்டிருக்க வேண்டும். நன்றி சொல்லும் இடத்தில் நிறுத்திவிட்டால் பிறகு எப்படிக் கேள்வி கேட்பார்? தலைமையாசிரியரும் வாய் திறக்கமாட்டார். அடுத்த வருடம் சுற்றுச்சுவருக்கு அதே மனிதரிடம்தான் போக வேண்டும். அதிகாரிக்கோ பெரிய நிம்மதி. "ஸ்பான்சர் யாரையாவது பாருங்களேன்" என்று சொல்லிக் கோப்பை மூடிவிடலாம்.

ஆசிரியர்களுக்கு இவ்வளவு சம்பளம் கொடுத்தும் பாடம் நடத்துவதில்லையே என்று சிலர் கேட்பார்கள். சில இடங்களில் உண்மைதான். அதையும் கேட்க வேண்டியவர் அந்த அம்மாவே. பை கொடுத்தவருக்கு அதைக் கேட்க உரிமையும் கிடையாது, நேரமும் கிடையாது.

ஆகவே ஊர்ப் பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றினால், பெயின்ட் கடைக்குப் போவதற்கு முன் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடம் எத்தனை, காலி எத்தனை, எந்த மாதத்திலிருந்து காலி, துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம் கடைசியாக எப்போது வந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சொல்ல மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சென்னையில் இருக்கிறவர்கள் அதில் ஒரு நாளாவது ஊருக்கு வாருங்கள். எழுதிவைத்ததை மேலாண்மைக் குழுவில் இருக்கிற ஒரு அம்மாவின் கையில் கொடுத்து, அவரை எழுந்து வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் உட்காருங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிய பிறகு அதில் உங்கள் கையெழுத்தையும் போட்டுவிட்டு, பஸ் ஏறுங்கள்.